விமானத்தைக் கழுவிய கதை: பூச்சி, அழுக்கு, ஒட்டு நாடா

பைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு பழைய பனியன் துணி போதும். கார் என்றால் இரண்டு வாளி. அதே மாதிரி ஒரு விமானத்தையும் கழுவிவிட முடியுமா?

முடியும்! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செஸ்னா, பைப்பர் போன்ற சிறு விமானங்களைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் பலர், வாளியும் துணியுமாகத் தாங்களே கழுவிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காரைத் தப்பாகக் கழுவினால் பெயிண்ட் போகும். விமானத்தைத் தப்பாகக் கழுவினால் உயிர் போகும். இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. 1996-லும் 2008-லும் உண்மையாகவே நடந்தது.

விமானம் பிறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதை யார் ஓட்டினார்கள், யார் வடிவமைத்தார்கள் என்றெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைத் துடைத்தவர்களின் கதையை அதிகம் பேர் எழுதவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

விளக்கெண்ணெய்க் காலம்

1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கை மரச்சட்டமும் பருத்தித் துணியும்தான். அதற்குப் பிறகு வந்த விமானங்களில் துணியின்மேல் ‘டோப்’ என்ற ஒருவகைப் பசையைப் பூசினார்கள். அது காய்ந்ததும் துணி முரசுத் தோல் போல விறைப்பாகிவிடும். ஆனால் கடுமையான கரைப்பான்களைத் தொட்டுத் துடைத்தால் பூச்சு கெட்டுவிடும். அன்று பயன்பட்ட நைட்ரேட் டோப் சுலபமாகத் தீப்பிடிக்கவும் செய்யும். ஆகவே மிதமான சோப்பு, தண்ணீர், மென்மையான துணி என்ற விதி அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது.

முதல் உலகப் போரில் அழுக்கு பூச்சியால் மட்டும் வரவில்லை. இன்ஜினே அழுக்கை வாரி இறைத்தது! அன்றைய ‘ரோட்டரி’ இன்ஜின்களில் இன்ஜின் முழுவதும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும். அதற்கு ஊற்றிய மசகு எண்ணெய் நம் ஊர் விளக்கெண்ணெய்தான். ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது, வெளியே தெறித்துவிடும். ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் விமானத்தின் உடலும் விமானியின் முகமும் எண்ணெயில் குளித்திருக்கும். அந்தப் பிசுபிசுப்பில் தூசியும் பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தினமும் துடைத்தெடுப்பது மெக்கானிக்குகளின் வேலையாக இருந்தது.

ஆகாயத்தில் எவ்வளவு பூச்சி?

பூச்சி தரையோடு திரிகிறது, விமானம் வானத்தில் பறக்கிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

இந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் தேடியவர் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பி.ஏ. கிளிக் என்ற பூச்சியியலாளர். பருத்தியைத் தாக்கும் பூச்சிகள் எப்படி ஊர்விட்டு ஊர் பரவுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1926 முதல் 1931 வரை லூசியானா மாநிலத்தின் டல்லுலா என்ற ஊரிலிருந்து, பசை தடவிய பொறிகளை மாட்டிய விமானங்கள் பறந்தன. வெவ்வேறு உயரங்களில் பொறியைத் திறந்து மூடி, சிக்கியதை எண்ணினார்கள். 1939-ல் வெளியான அந்த அறிக்கையில் 15,000 அடி உயரத்தில் சிக்கிய ஒரு சிலந்தி கூட இருக்கிறது! இறக்கையே இல்லாத பிராணி, தன் நூலைக் காற்றில் விட்டு அவ்வளவு உயரம் போயிருக்கிறது.

ஆனாலும் பூச்சிகளில் பெரும்பாலானவை தரையை ஒட்டிய சில நூறு அடிக்குள்தான் இருக்கின்றன. அதனால் விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான் அவை அதிகமாக மோதுகின்றன. பெரிய ஜெட் விமானம் சில நிமிடங்களில் அந்த உயரத்தைத் தாண்டிவிடும். குட்டி விமானமோ தன் பறக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தாழ்வாகவே கழிக்கிறது. பறக்கப் பழகுபவர் ஒரே மாலையில் பத்து முறை ஏறி இறங்குவார். கோடைக்கால மாலையில் அப்படிப் பறந்து வந்த செஸ்னாவின் இறக்கை முனையைப் பார்த்தால் புள்ளி புள்ளியாகப் பூச்சிக் கோலம்தான்.

ஒரு கொசு என்ன செய்துவிடும்?

பார்வைக்கு அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். 1930-களின் இறுதி வரை பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1938 வாக்கில் நாசாவின் முன்னோடியான ‘நாகா’ அமைப்பில் ஈஸ்ட்மேன் ஜேக்கப்ஸ் என்ற பொறியாளர் புதுவகை இறக்கை வடிவங்களைச் சோதித்தார். இறக்கையை ஒட்டி ஓடும் காற்று சுழலாமல், கலையாமல், அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு போனால் இழுவை வெகுவாகக் குறையும் என்பது அவருடைய கணக்கு. சோதனைக் கூடத்தில் கணக்கு சரியாக வந்தது. 1940-ல் முதன்முதலில் பறந்த பி-51 மஸ்டாங் போர் விமானம் இந்த வகை இறக்கையோடுதான் வந்தது. ஆனால் களத்தில் எதிர்பார்த்த பலன் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆணித் தலை, கீறல், புழுதி, நசுங்கிய பூச்சி என்று ஒவ்வொரு சின்ன மேடும் காற்றின் அடுக்கைக் கலைத்துவிட்டது.

பிரிட்டனில் இதே பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். போர் தொடங்கிய புதிதில் சிட்னி காட்டன் என்பவர் எதிரி நாட்டை உளவுப் படம் எடுக்க ஸ்பிட்ஃபயர் விமானங்களைத் தயார் செய்தார். துப்பாக்கிகளைக் கழற்றினார். உடலில் உள்ள இடுக்குகளை அடைத்து, மேற்பரப்பை வழுவழுப்பாகத் தேய்த்தார். ஆயுதம் இல்லாத அந்த விமானத்துக்கு வேகம்தான் கவசம். அந்த வேகத்தில் ஒரு பங்கு தேய்ப்பிலிருந்து வந்தது.

போருக்குப் பிறகு இது கிளைடர்காரர்களின் கவலையாக மாறியது. 1957-ல் ஜெர்மனியில் கண்ணாடியிழையால் செய்த முதல் கிளைடரான ஃபீனிக்ஸ் பறந்தது. உலோகத்திலும் மரத்திலும் கிடைக்காத வழுவழுப்பு அதில் கிடைத்தது. இன்ஜின் இல்லாத விமானத்துக்கு வழுவழுப்புதான் எரிபொருள் மாதிரி. எனவே பூச்சியும் பெரிய எதிரியானது. பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை முனையைத் துடைக்கும் ஒரு கருவியையே கண்டுபிடித்துவிட்டார்கள்! காற்றின் வேகத்தில் முனையை ஒட்டியே நகர்ந்து போகும், விமானி நூலைச் சுருட்டினால் திரும்பி வரும். போட்டிக்குப் போகும் கிளைடர்களில் இதைப் பார்க்கலாம்.

வேகம் குறைவது ஒருபுறம் இருக்க, விமானத்தின் சுபாவமே மாறியதும் உண்டு. பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரி-ஈஸி என்ற குட்டி விமானம் 1975-ல் முதலில் பறந்தது. வரைபடத்தை வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய விமானம் அது. பின்னால் இருக்க வேண்டிய சிறு இறக்கை இதில் முன்னால் இருக்கும். மழைத்துளியோ பூச்சியோ அந்த முன் இறக்கையில் படிந்தால் அதன் தூக்கு விசை குறைந்து, மூக்கு கீழே சாயத் தொடங்கும். விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துச் சமாளிக்க வேண்டும். 1980-களில் ஜான் ரான்க்ஸ் என்பவர் வேறு வடிவத்தில் முன் இறக்கையை வரைந்து கொடுத்த பிறகுதான் லாங்-ஈஸி போன்ற அடுத்த தலைமுறையில் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆக, துடைப்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. சரி, எதைக் கொண்டு துடைப்பது? அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணாடி அல்ல

1930-களில் இரண்டு பொருட்கள் விமானத்தின் உடையை மாற்றின.

முதலாவது ஆல்கிளாட். அலுமினியக் கலவை வலுவானது, ஆனால் அரிக்கும். சுத்தமான அலுமினியம் அவ்வளவாக அரிக்காது, ஆனால் வலு இல்லை. கலவைத் தகட்டின் இருபுறமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தும் முறை 1927-ல் அறிமுகமானது. அந்தத் தோல் மிக மெல்லியது. கம்பி நார், கரடுமுரடான பவுடர் போட்டுத் தேய்த்தால் தோல் போய், அடியில் உள்ள கலவை வெளியே வந்துவிடும். பிறகு அரிப்பு தொடங்கும். காரமான சோப்புகளும் அலுமினியத்தைத் தின்னும்.

இரண்டாவது அக்ரிலிக் பிளாஸ்டிக். 1933-ல் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவானது. பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்றார்கள். கண்ணாடியை விட எடை குறைவு, விரும்பியபடி வளைக்கலாம். இன்றும் சிறு விமானங்களின் முன்புறத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் வீட்டு ஜன்னலைத் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தை இதில் அடித்தால் வேலை கெட்டுவிடும். உள்ளுக்குள் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் விழும். வெயிலை நோக்கி இறங்கும்போது விரிசல் ஒவ்வொன்றும் மினுங்கி விமானியின் கண்ணைக் கூசச் செய்யும். பெட்ரோல், அசிட்டோன், தின்னர், சாதாரணக் கண்ணாடித் திரவம் எதுவும் கூடாது என்று செஸ்னா 172 விமானத்தின் கையேடே பட்டியல் போட்டுச் சொல்கிறது. 1956-ல் விற்பனைக்கு வந்து, 40 ஆயிரத்துக்கு மேல் உற்பத்தியான விமானம் அது.

இதுவரை சொன்ன தவறுகள் எல்லாம் பணத்தோடு போகிறவை. தகட்டை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடலாம். இனி வருவது அப்படி அல்ல.

சில சின்னத் துளைகள்

விமானத்துக்கு வேகமும் உயரமும் எப்படித் தெரிகிறது? காரைப் போலச் சக்கரத்தை எண்ண முடியாது. காற்றைத்தான் அளக்க வேண்டும். முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயில் எதிர்க்காற்று மோதி அழுத்தம் தருகிறது. அதற்குப் பிட்டோ குழாய் என்று பெயர். 1732-ல் பாரிஸில் சேன் நதியின் ஓட்டத்தை அளக்க ஹென்றி பிட்டோ பயன்படுத்திய அதே தத்துவம். உடலின் பக்கவாட்டில் ‘ஸ்டாட்டிக்’ துளைகள் என்று சில உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அவை சுற்றுப்புறக் காற்றின் அழுத்தத்தை எடுத்துக்கொடுக்கும். இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தைச் சொல்லும். ஸ்டாட்டிக் அழுத்தம் மட்டுமே உயரத்தைச் சொல்லும். செஸ்னா 172 ஆனாலும் போயிங் ஆனாலும் இதுதான் அடிப்படை.

1996-ம் ஆண்டு இந்தத் துளைகளின் ஆண்டு என்றே சொல்லலாம். இரண்டு விபத்துகள், இரண்டுமே போயிங் 757.

பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து பிர்கன்ஏர் நிறுவனத்தின் விமானம் கிளம்பியது. அது சில வாரங்களாகப் பறக்காமல் நின்றிருந்த விமானம். பிட்டோ குழாய்க்கு உறை மாட்டாமல் சில நாட்கள் விட்டிருந்தார்கள். அநேகமாக ஒரு குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருக்க வேண்டும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. கேப்டனின் வேகமானி பொய் சொன்னது. விமானம் அதிவேகத்தில் போவதாகக் காட்டியது. உண்மையில் வேகம் குறைந்துகொண்டே போய், விமானம் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள்.

அக்டோபர் 2. பெரு நாட்டின் லிமா நகரம். ஏரோபெரு நிறுவனத்தின் விமானத்தைக் கழுவிப் பளபளப்பாக்கினார்கள். தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று ஸ்டாட்டிக் துளைகளின்மேல் ஒட்டு நாடாவை ஒட்டினார் ஒரு பணியாளர். அது சரியான காரியம்தான்! ஆனால் வேலை முடிந்ததும் நாடாவை எடுக்க மறந்துவிட்டார். நாடாவின் நிறமும் வெள்ளி, விமானத்தின் உடலும் வெள்ளி. மேற்பார்வையாளர் கண்ணில் படவில்லை. கிளம்புமுன் சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணிலும் படவில்லை.

நள்ளிரவு தாண்டி விமானம் கிளம்பியது. மேலே இருட்டு, கீழே பசிபிக் கடல். உயரமானி, வேகமானி எல்லாம் தாறுமாறாகக் காட்டின. ஒரே நேரத்தில் வேகம் அதிகம் என்றும் வேகம் குறைவு என்றும் எச்சரிக்கை மணிகள் அடித்தன. விமானிகள் தரைக் கட்டுப்பாட்டாளரிடம் உயரம் கேட்டார்கள். அவரும் சொன்னார். ஆனால் அவர் திரையில் தெரிந்த உயரம் அதே விமானத்திலிருந்து, அதே அடைபட்ட துளைகளிலிருந்து போன எண்தான்! உயரமானி 9,700 அடி என்று காட்டிக்கொண்டிருந்தபோது இறக்கை கடல் நீரைத் தொட்டது. விமானத்தில் இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

விமானத்தின் விலை கோடிக்கணக்கில். நாடாவின் விலை சில்லறை. அதை ஒட்டியவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் ஒரு தனி மனிதரின் மறதிதான் காரணம் என்று முடித்துவிடலாமா? மனிதன் மறப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மறந்தாலும் கண்ணில் படும்படி பளிச்சென்ற நிறத்தில் ஒரு உறை இருந்திருந்தால்? ஒட்டியது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எழுதி வைத்திருந்தால்? கழுவும் வேலை கடைநிலை வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற எண்ணமும் அந்த நாடாவோடு சேர்ந்து ஒட்டியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூடாமல் விட்டாலும் ஆபத்து

அப்படியானால் எதையும் மூடாமலே கழுவிவிடலாமே என்று கேட்கலாம். அதற்குப் பதில் 2008-ல் கிடைத்தது.

பிரான்சின் பெர்பிஞான் நகரில் ஒரு ஏர்பஸ் ஏ320. குத்தகை முடிந்து ஏர் நியூசிலாந்து நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டிய விமானம். நவம்பர் 24 அன்று, பெயிண்ட் வேலைக்கு முன் அதன்மேல் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்பதை அளக்கும் சின்னத் தகடுகளை மூடிவிட்டுத்தான் கழுவ வேண்டும். மூடவில்லை. தண்ணீர் உள்ளே புகுந்தது. மூன்று நாள் கழித்து, நவம்பர் 27 அன்று சோதனைப் பறப்பில் உயரே போனதும் அந்தத் தண்ணீர் உறைந்தது. மூன்று கருவிகளில் இரண்டு ஒரே மாதிரி சிக்கிக்கொண்டன. கணினி என்ன செய்யும்? பெரும்பான்மை சொல்வதை நம்பியது! சரியாகச் சொன்ன மூன்றாவது கருவியை ஒதுக்கிவிட்டது. தாழ்வான உயரத்தில் வேகத்தைக் குறைத்துச் சோதித்தபோது, காப்பாற்ற வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்யவில்லை. ஏழு பேர் மத்தியதரைக் கடலில் உயிரிழந்தார்கள்.

மூடாவிட்டால் தண்ணீர். மூடிவிட்டு எடுக்க மறந்தால் கடல்.

இன்று எப்படிக் கழுவுகிறார்கள்?

இந்த அனுபவங்களெல்லாம் சேர்ந்துதான் இன்றைய முறை உருவாகியிருக்கிறது. சொந்த விமானம் வைத்திருப்பவர் பின்பற்றும் வரிசை ஏறக்குறைய இதுதான்:

1. முதலில் சாவியை எடுத்துவிட வேண்டும். சிறு விமான இன்ஜினில் ‘மேக்னெட்டோ’ பேட்டரி இல்லாமலே பொறி உண்டாக்கும். ஒரே ஒரு ஒயர் அறுந்திருந்தாலும், துடைக்கும்போது புரொப்பல்லரைக் கையால் தள்ளினால் இன்ஜின் உயிர்பெற்றுவிடலாம். எனவே புரொப்பல்லரை எப்போதும் சுழலப் போகிற பொருளாகவே நினைக்க வேண்டும்.

2. துடைக்குமுன் அழுக்கைப் பார்க்க வேண்டும். ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடினால் அந்த ஆணி தளர்ந்திருக்கலாம். வயிற்றுப் பகுதியில் புதிதாக எண்ணெய் வழிந்திருந்தால் எங்கோ கசிவு. துடைத்துவிட்டால் இந்தத் தகவல் போய்விடும்.

3. பிட்டோ குழாய், ஸ்டாட்டிக் துளை, எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளை எல்லாவற்றையும் மூட வேண்டும். பளிச்சென்ற நிறத்தில், நீளமான சிவப்பு நாடா தொங்கும் உறையாக இருப்பது நல்லது. எத்தனை மூடினோம் என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.

4. காய்ந்த பூச்சியைச் சுரண்டக்கூடாது. பூச்சியின் உடல்நீர் மோதிய வேகத்தில் தெறித்துப் பசையாகி இறுகிவிடும். ஈரத் துணியைப் போர்த்திச் சில நிமிடம் ஊறவிட்டால் தானாக இளகும். பறந்து வந்த உடனே துடைத்தால் இன்னும் சுலபம்.

5. பிளாஸ்டிக் கண்ணாடியில் முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். பிறகுதான் மென்மையான துணி. புரொப்பல்லரில் படிந்த புல், பூச்சிக் கறைகளுக்கு எண்ணெய் தொட்ட துணி போதும் என்கிறது செஸ்னா கையேடு.

6. அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். தாங்கிகளில் உள்ள கிரீஸை அது வெளியே தள்ளி, தண்ணீரை உள்ளே அனுப்பிவிடும்.

7. கடைசியாக, மூடிய எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எழுதி வைத்த எண்ணிக்கையோடு சரிபார்க்க வேண்டும். மறுபடி பறக்கப் போகும்போது விமானி தன் கண்ணாலும் விரலாலும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

செஸ்னா 172-ன் இடது இறக்கை முனையில் இன்னொரு துளை உண்டு. வேகம் அபாயகரமாகக் குறைந்தால் ஊதி எச்சரிக்கும் கருவி அது. அது அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க, சுத்தமான கைக்குட்டையைத் துளையின்மேல் வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். சத்தம் வந்தால் சரி! கையேட்டிலேயே உள்ள சோதனை இது. எவ்வளவு எளிமை பாருங்கள்.

தாமரை இலை

பூச்சியே ஒட்டாமல் செய்துவிட்டால்? அந்த முயற்சியும் நடந்திருக்கிறது. 2015-ல் நாசாவும் போயிங்கும் சேர்ந்து லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு 757 விமானத்தின் இறக்கையில் ஐந்து வகைப் பூச்சுகளைச் சோதித்தன. தண்ணீர் ஒட்டாத தாமரை இலைதான் விஞ்ஞானிகளுக்குத் தூண்டுதல். ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே சங்கதி! ஒரு பூச்சில் பூச்சிக் கறை சுமார் 40 சதவீதம் குறைந்தது. அப்படியும் பாதிக்கு மேல் ஒட்டத்தான் செய்தது. ஆகவே வாளிக்கும் துணிக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

பளபளப்பை வைத்துக் கழுவும் வேலையை மதிப்பிட முடியாது. லிமாவில் அன்று இரவு கிளம்பிய விமானம் பளபளவென்றுதான் இருந்தது. மூடியதை எல்லாம் எடுத்தாயிற்றா என்று ஒருவர் கேட்டு, இன்னொருவர் எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லும்போதுதான் அந்த வேலை முடிகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அதிகபட்சம் ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவு என்று நினைக்காமல் இருந்திருந்தால் 70 பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.